அடுத்த அட்வான்ஸ் வரும்வரை: சென்னை ஃபிரீலான்ஸ் போட்டோகிராபரின் பணக்கணக்கு

ஆடி பிறந்தால் தி.நகர் துணிக்கடைகளுக்குக் கொண்டாட்டம், கல்யாண போட்டோகிராபர்களுக்குத் திண்டாட்டம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை மண்டபங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். ஆவணியில் ஒரு ஓட்டம், புரட்டாசியில் தொய்வு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு மல்லுக்கட்டிக்கொண்டே கல்யாணங்கள், மார்கழியில் முழு நிறுத்தம், தை பிறந்ததும் தூங்க நேரமில்லை. சம்பள வேலையை விட்டுவிட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் "இனி என் நேரம் என் கையில்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சென்னையில் அந்த நேரம் பஞ்சாங்கத்தின் கையில் இருக்கிறது என்பது முதல் ஆடியில்தான் தெரியவரும்.

வேலை இருக்கிற மாதங்களிலும் அது சீராக வருவதில்லை. வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டால் ஒரே நாளுக்கு நாலு வீட்டிலிருந்து போன் வரும். ஒருவர் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும். அடுத்த வாரம் முழுக்கத் தேய்பிறை, போன் அடிக்காது. அதனால் இந்தத் தொழிலில் ஆர்டர் பிடிக்கிறவர், நாள் கூலிக்குப் போகிறவர் என்ற இரண்டு வேடங்களையும் பெரும்பாலும் ஒரே ஆள் மாறி மாறிப் போடுகிறார். தனக்கு ஆர்டர் இருக்கும் நாளில் இரண்டு நண்பர்களை அழைத்துக்கொள்வார். இல்லாத நாளில் அந்த நண்பரின் ஆர்டரில் ட்ரெடிஷனல் எடுக்கப் போவார். மணமேடைக்கு நேர் எதிரே நின்று சடங்குகளையும் வரிசையில் வரும் உறவினர்களையும் ஒருவர் விடாமல் எடுப்பதுதான் ட்ரெடிஷனல். சிரிப்பு, அழுகை, ஓரப்பார்வை எல்லாம் கேண்டிட் ஆளின் பங்கு. நாள் கூலிக்குப் போனால் ஃபங்ஷன் முடிந்ததும் மெமரி கார்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். எடிட்டிங் தலைவலி கிடையாது, பெண் வீட்டாரின் போனும் வராது. ஆனால் எடுத்த படங்கள் வேறொருவர் பெயரில்தான் வெளியே போகும். அதைக் காட்டி அடுத்த ஆர்டர் கேட்க முடியாது.

காலியான மாதங்களை நிரப்பிக்கொள்ள இந்த ஊரில் வழி இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளின் பரதநாட்டிய அரங்கேற்றங்கள் அவர்களுடைய கோடை விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில் வருகின்றன, அதாவது சரியாக ஆடியில். மார்கழியில் கல்யாணம் இல்லை என்றால் சபாக்கள் இருக்கின்றன. கச்சேரிப் படங்களுக்குக் கிடைக்கும் பணம் கொஞ்சம்தான். ஆனால் அங்கே அறிமுகமாகும் பாடகரோ நடனக் கலைஞரோ பிறகு தன் விளம்பரப் படங்களுக்குக் கூப்பிடுவார். அதில் ஓரளவு காசு உண்டு. சர்ச் கல்யாணத்துக்குத் தவக்காலத்தில் இடைவெளி, நிக்காஹ்வுக்கு ரம்ஜான் மாதத்தில் இடைவெளி. இந்த இடைவெளிகள் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே விழுவதில்லை என்பதால், எல்லாச் சமூகத்து வீடுகளுக்கும் போகிறவரின் டைரியில் வெற்று நாட்கள் குறைவு. ஒரே சாதி, ஒரே வட்டாரம் என்று பரிந்துரையின் பேரில் மட்டும் வளர்ந்தவர்தான் ஆடியில் அதிகம் தவிக்கிறார்.

துணிக்கடை, நகைக்கடை வேலையின் நாள்காட்டியே வேறு. ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஆனியிலேயே எடுத்து முடித்திருக்க வேண்டும், தீபாவளிப் புடவைகள் ஆவணியிலேயே ஸ்டூடியோவுக்கு வந்துவிடும். கல்யாணக்காரர் இதற்குள் நுழைவது சுலபமில்லை. பட்டுப்புடவையின் சரிகை வெள்ளையடித்துப் போகாமல் விளக்கு வைப்பதும், பளபளக்கும் அட்டிகையில் கேமராவின் பிம்பம் விழாமல் எடுப்பதும் தனியாகக் கற்கவேண்டிய வித்தை.

எண்பதாயிரத்தில் எட்டாயிரம்

இப்போது பணம். போட்டோகிராபர்கள் கூடும் இடத்தில் பேச்சு சீக்கிரமே ரேட்டுக்கு வந்துவிடும்: புதுப் பையன்கள் பாதி விலைக்கு இறங்குகிறார்கள், மார்க்கெட்டைக் கெடுக்கிறார்கள் என்று. உண்மைதான். ஆனால் எனக்கு அது இரண்டாவது பிரச்சினையாகத்தான் படுகிறது. நல்ல ரேட் வாங்குகிறவர்களும் முழிபிதுங்கி நிற்பதைப் பார்க்கலாம். காரணம், பணம் எவ்வளவு வருகிறது என்பதைவிட அது எந்த வரிசையில் வருகிறது என்பதில் இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், இரண்டுக்கும் சேர்த்து போட்டோ, வீடியோ, ஆல்பம் எல்லாம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 20,000. கல்யாணத்தன்று 40,000. ஆல்பம் கொடுக்கும்போது பேலன்ஸ் 20,000. செலவுப் பக்கம்: வீடியோ எடுப்பவருக்கு 14,000, ட்ரெடிஷனல் எடுக்கும் நண்பருக்கு 10,000, வீடியோ எடிட்டருக்கு 9,000, வண்டி, சாப்பாடு, ஹார்ட் டிஸ்க் என்று 4,000, ஆல்பம் அச்சடித்துக் கட்ட 15,000. மொத்தம் 52,000 போனால் மீதி 28,000. இரண்டு நாள் வேலைக்கு மோசமில்லை என்று தோன்றும். அந்த இரண்டு நாளுக்குப் பின்னால் படங்களைப் பிரிப்பதற்கும் நிறம் திருத்துவதற்கும் ஒரு வாரமாவது இருக்கிறது, அதை இப்போதைக்கு விடுவோம்.

கல்யாணம் முடிந்து, ஆட்களுக்கெல்லாம் கொடுத்த பிறகு போட்டோகிராபர் கையில் 23,000 இருக்கும். அதில் 15,000 ஆல்பத்துக்கு எடுத்து வைக்கவேண்டிய பணம். ஆக, உண்மையில் அவருடையது 8,000. மீதி 20,000 ஆல்பத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆல்பமோ, குடும்பம் படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால்தான் அச்சுக்குப் போகும். இந்த செலக்‌ஷன் என்ற கட்டம்தான் தொழிலின் பெரிய அடைப்பு. நாலாயிரம் படத்திலிருந்து இருநூறு எடுக்கச் சொன்னால் எந்த வீட்டிலும் யாருக்கும் நேரமில்லை. "பொண்ணு அமெரிக்கா போயிட்டா தம்பி, லீவுல வர்றப்போ பார்த்து அனுப்பிடுவா" என்று அப்பா சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. கல்யாணக் கடன் அவருக்கும் இருக்கும், அந்த 20,000 தள்ளிப்போவதில் அவருக்கு வருத்தமும் இருக்காது. ஆறு மாதம், எட்டு மாதம் ஆவது சாதாரணம். ஒரு வருடம் கழித்து, வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டு, "அந்தக் கல்யாண ஆல்பத்தையும் சேர்த்துக் கொடுத்திடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு.

இதற்கிடையில் லென்ஸுக்கு இஎம்ஐ, வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ். ஆல்பத்துக்கென்று எடுத்து வைத்த 15,000 கரைந்துவிடும். சரி, அப்புறம் திடீரென்று செலக்‌ஷன் வந்து ஆல்பம் அடிக்கவேண்டிய நாள் வந்தால்? அடுத்த கல்யாணத்தின் அட்வான்ஸ் கைகொடுக்கும். அந்தக் கல்யாணத்தின் ஆல்பத்துக்கு அதற்கடுத்தவரின் அட்வான்ஸ். சீசன் ஓடிக்கொண்டிருக்கும்வரை இந்தச் சுழற்சி நன்றாகவே ஓடும். ஓடுகிறவருக்கே தான் கடனில் ஓடுகிறோம் என்பது தெரியாது. ஆர்டர் அதிகமாக அதிகமாக அச்சடிக்காத ஆல்பங்களின் பாரமும் ஏறும். புது அட்வான்ஸ் வராத மாதத்தில்தான் உண்மை நிலவரம் வெளியே வரும். ஆடி என்பது ஆண்டுதோறும் வரும் சின்னச் சோதனை.

பெரிய சோதனை 2020-ல் வந்தது. மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் அத்தனையும் போயின. பிறகு கல்யாணத்துக்கு 50 பேர் என்று அனுமதித்தபோது, வீட்டு மொட்டை மாடியில் ஒரே ஒரு கேமராவோடு முடிந்த கல்யாணங்கள் ஏராளம். கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டவர்கள் ஒரு பக்கம், பழைய ஆல்பத்தைக் கேட்டவர்கள் இன்னொரு பக்கம். புதுப் பணம் வரும் வழி அடைபட்டதும் முந்தைய வருடத்துக் கடன்கள் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றன. கேமராவை விற்றவர்கள், டெலிவரி வேலைக்குப் போனவர்கள், ஊருக்கே திரும்பியவர்கள் எல்லாம் அப்போதுதான். அவர்களில் நல்ல வேலைக்காரர்கள் இருந்தார்கள். திறமை குறைந்தவர்கள்தான் கழன்றுகொண்டார்கள் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தேங்கி நின்ற ஆல்பம் யாரிடம் அதிகமிருந்ததோ அவர்தான் முதலில் விழுந்தார்.

கம்பெனி வேலையும் 45 நாளும்

இந்தச் சுழலிலிருந்து தப்பிக்கப் பலர் கம்பெனிகள் பக்கம் திரும்புகிறார்கள். ஓஎம்ஆரில் ஐடி நிறுவனங்களின் விழாக்கள், அதிகாரிகளின் முகப்படங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்பு, வால்வு கேட்லாக். கட்டுமான நிறுவனங்களுக்கு மாதிரி வீடுகள். வேலை ஒழுங்காக இருக்கும், அதிகாலை நாலு மணி முகூர்த்தம் கிடையாது. பணம் மட்டும் அக்கவுண்ட்ஸ் பிரிவு என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 60 நாள், 90 நாள் என்று இழுப்பதை "எங்க கம்பெனி பாலிசி சார்" என்று மரியாதையாகவே சொல்வார்கள்.

அங்கே ஒரு பிடி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்ட தனிநபர் போட்டோகிராபரும் சட்டத்தின் கண்ணில் ஒரு குறு நிறுவனம்தான். அவருக்குப் பணம் தரவேண்டிய நிறுவனம், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் கொடுத்தாகவேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023-ல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த ஒரு விதி இன்னும் கூர்மையானது: கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும்வரை, அந்த நிறுவனம் தன் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது.

கேஸ் போடுகிற அளவுக்குப் போனால் அந்த கம்பெனி மறுபடி கூப்பிடாது. அதனால் யாரும் போவதில்லை. ஆனால் இன்வாய்ஸின் மேல் உத்யம் எண்ணை அச்சடித்து அனுப்புவதற்கு யாருடைய மனமும் கோணாது. அந்த எண்ணைப் பார்த்ததும் நிதியாண்டு முடிவில் அவர்களுடைய ஆடிட்டரே பணம் கொடுத்தாச்சா என்று கேட்பார். போட்டோகிராபர் பத்து முறை போன் போடுவதைவிட அந்த ஒரு கேள்விக்கு வேகம் அதிகம். டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, என்று 10% பிடித்துக்கொண்டால் அதற்காகப் புலம்பவும் வேண்டாம். வருடாந்திரக் கணக்கு தாக்கல் செய்தால், கட்டவேண்டிய வரி போக மீதி திரும்பி வரும். வங்கியில் கடன் கேட்கும்போது சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு அந்தத் தாக்கல்தான் சான்று.

படம் யாருடையது

எடுத்தவருக்குத்தான் படம் சொந்தம் என்ற நம்பிக்கை போட்டோகிராபர்களிடம் ஆழமாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். ஆக, கல்யாணப் படம் கல்யாண வீட்டாருடையது; புடவைப் படம் கடைக்காரருடையது. ஒரு விளம்பரப் படத்தை நாளிதழுக்கு என்று எடுத்துக் கொடுத்தால், அதே படம் அண்ணா சாலைப் பேனரிலும், கோயம்புத்தூர் கிளையிலும், அடுத்த வருடத் தீபாவளியிலும் வரும். கேட்டால், "பணம் கொடுத்தாச்சே!" என்பார்கள், சட்டமும் அவர்கள் பக்கம்தான் நிற்கும். எந்த ஊடகம், எத்தனை மாதம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு.

தானாகப் போய் எடுத்த படம் அப்படியல்ல. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தையோ, பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் ஊர்வலத்தையோ யாரும் சொல்லாமல் எடுத்தால் அது எடுத்தவருக்கே சொந்தம்; 2012 திருத்தத்துக்குப் பிறகு அவர் ஆயுள் முழுக்கவும் அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை நீடிக்கும். சோறு போடும் படம் அடுத்தவருடையது, சோறு போடாத படம் நம்முடையது என்ற இந்த ஏற்பாடு விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பலர் ஞாயிறு அதிகாலையில் காசிமேட்டுக்குப் போவதை விடவில்லை. பணம் கொடுத்தவரின் ரசனைக்கு மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால் கை மரத்துவிடும் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சம்பளம் வாங்கிய போட்டோகிராபர்களின் நிலைமை எப்போதும் நன்றாக இருந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். மதராஸ் அரசு 1856-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் கோயில்களை அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், நிதி நெருக்கடியில் இது ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையையே முடித்துவைத்தார். சிக்கனம் என்றால் முதலில் கத்தரி விழுவது போட்டோ செலவில் என்பது இந்த ஊரில் பழைய வழக்கம்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் ஷட்டருக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிளிக் என்று ஆயுள் சொல்வார்கள். ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் கிளிக் என்றால் நாற்பது, ஐம்பது கல்யாணத்தில் அந்தக் கணக்கு முடிகிறது. இதை ஒவ்வொரு ஆர்டரின் விலையிலும் கொஞ்சம் ஏற்றிவைப்பவர்கள் குறைவு. சென்னைக்கென்று தனியாக ஒரு செலவும் உண்டு, ஈரப்பதம். ஏசி மண்டபத்திலிருந்து ஊர்வலத்தை எடுக்க வாசலுக்கு ஓடிவந்தால் லென்ஸ் பனிமூடிக்கொள்ளும், மாப்பிள்ளை காருக்குள் ஏறும்வரை ஒன்றும் தெரியாது. பீரோவில் மூடிவைத்த லென்ஸில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் புகாமல் காக்கும் ட்ரை கேபினெட் வாங்கத் தயங்கியவர்கள் பிறகு சர்வீஸ் சென்டரில் அதைவிட அதிகமாகக் கொடுக்கிறார்கள். வருடத்தில் நாலு முறை மட்டும் தேவைப்படும் பெரிய லென்ஸை வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாவால் வளர்ந்த வாடகைக் கடைகள் இருக்கும் ஊரில் எல்லாவற்றையும் சொந்தமாக வைத்திருக்கவேண்டும் என்ற ஆசை இஎம்ஐயில்தான் முடியும். ட்ரோனுக்கும் இதே பதில். 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் சாதாரணமாகப் பறக்கவிட முடியாது. மீனம்பாக்கத்தைச் சுற்றி அந்த வட்டத்தைப் போட்டால் தென்சென்னையில் எத்தனை மண்டபம் உள்ளே வருகிறது என்று பாருங்கள்.

இத்தனைக்கும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். முன்பைவிடப் பெண்கள் அதிகம் வருகிறார்கள். மணப்பெண் அறையில் அலங்காரம் நடக்கும்போது பெண் போட்டோகிராபர் இருப்பதைக் குடும்பங்கள் விரும்புகின்றன. ரிசப்ஷன் முடிய இரவு பதினொன்று, முகூர்த்தத்துக்கு மறுபடி விடியற்காலை நாலு என்ற நேரத்தில் போய் வர வண்டியோ தங்க அறையோ ஏற்பாடு செய்வதைப் பற்றி மட்டும் அதே குடும்பங்கள் யோசிப்பதில்லை. ஒப்பந்தத்தில் அதையும் எழுதிக்கொள்ளும் பெண்களைப் பார்த்து இப்போது ஆண்களும் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள், நல்லதுதான். செல்போன் வந்ததால் தொழில் போய்விடும் என்ற பயம் கல்யாணத்தில் இதுவரை பலிக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டும் அந்தச் சில விநாடிகளில் பத்து செல்போன் கைகள் நடுவில் நீளுவதுதான் அதனால் வந்த உண்மையான தொந்தரவு. கம்பெனி கேட்லாக் வேலையில்தான் கணினியே உருவாக்கும் படங்கள் இடம் பிடிக்கத் தொடங்கியிருக்கின்றன. அந்தப் பக்கம் மட்டும் நம்பியிருப்பவர்கள் கவனமாக இருக்கவேண்டும்.

ஆல்ப அடைப்புக்குச் சிலர் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். திருத்திய படங்களை லிங்க்கில் கொடுத்த அன்றே பேலன்ஸ் முழுவதையும் வாங்கிவிடுவது, ஆல்பத்தைத் தனி ஆர்டராக வைப்பது என்று. "ஆல்பம் இல்லாம என்ன தம்பி கல்யாணம்?" என்று பெரியவர்கள் பிடித்துக்கொள்ளும் வீடுகளில் இது எடுபடாது. அங்கே இன்னொரு வரி வேலை செய்கிறது. கொட்டேஷனிலேயே, 30 நாளுக்குள் செலக்‌ஷன் வரவில்லையென்றால் படங்களை நாங்களே தேர்ந்தெடுத்து அச்சுக்கு அனுப்பிவிடுவோம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வரிப்படி நடக்கவேண்டிய தேவை அவர்களுக்கு அநேகமாக வருவதே இல்லை. மாமியார் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் படம் ஆல்பத்தில் ஏறிவிடுமோ என்ற பயத்திலேயே மூன்றாவது வாரத்தில் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது.